ஒளியிழை இணைப்பிற்கான வீட்டு வலையமைப்பு

வீட்டு வலையமைப்பு என்பது ஒரு வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, கண்காணிப்புப் படக்கருவி முதலிய கருவிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கும் சிறு கணினி வலையமைப்பு ஆகும். ஒளியிழை வழியாக அகலப்பட்டை இணைப்பைப் பெறும் வீடுகளில், ஒளியிழை முடியும் இடத்தில் ஒளியிழை முனையம் என்னும் சிறு பெட்டி பொருத்தப்படுகிறது. அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தரவைக் கொண்டு சேர்ப்பது வீட்டு வலையமைப்பின் பணியாகும்.

செப்புக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில், வெளியிலிருந்து வரும் கம்பியே முழுப் பாதையிலும் மெதுவான பகுதியாக இருந்தது. ஒளியிழை வந்தபின் இந்நிலை தலைகீழானது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகம் வாசல் வரை வந்து, ஒரு பழைய வடத்தினாலோ, இரண்டு சுவர்களினாலோ, இரும்பு பீரோவின் பின்னால் வைக்கப்பட்ட திசைவியினாலோ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவது உண்டு. எனவே பயனர் உண்மையில் பெறும் வேகத்தை, அவர் வாங்கிய திட்டத்தைக் காட்டிலும் அவருடைய வீட்டு வலையமைப்பே பல வேளைகளில் தீர்மானிக்கிறது. இணைப்பின் பாதுகாப்பும் பெருமளவு இதனையே சார்ந்துள்ளது.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக எண் சுழற்றி இணையும் மோடம்கள் அப்போது பயன்பட்டன. பின்னாளில் வந்த இவ்வகை மோடம்களின் உச்ச வேகமே விநாடிக்கு 56 கிலோபிட்தான். ஒரு வீட்டில் ஒரு கணினி, ஒரு மோடம் என்று இருந்ததால் வீட்டுக்குள் வலையமைப்பு தேவைப்படவில்லை. இந்திய அரசின் 2004 ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் கீழ்வரம்பாக வரையறுத்தது. இவ்வரம்பு பின்னர் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

தூய்மையான கண்ணாடி இழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு அனுப்ப இயலும் என்பதைச் சார்லசு காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகியோர் 1966 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை எடுத்துக்காட்டியது. கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவான இழப்புடைய இழையைக் கார்னிங் நிறுவனத்தார் 1970 இல் உருவாக்கினர். இன்றைய இழைகளில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இவ்விழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல் மட்டுமே. இப்பணிக்காகக் காவ் 2009 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வீட்டுக்குள் பயன்படும் நுட்பங்கள் வேறு வழியில் வளர்ந்தவை. ஈதர்நெட் 1973 இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தோன்றி, 1983 இல் விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்துடன் செந்தரமானது. வை-ஃபைக்கு அடிப்படையான 802.11 செந்தரம் 1997 இல் விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் வெளிவந்தது.

இந்தியாவில் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு நடுவண் அரசு 2011 இல் ஒப்புதல் அளித்தது. இத்திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, 2018 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நகரங்களில் பாரத் சஞ்சார் நிகம், ஏர்டெல், ஏசிடி போன்ற நிறுவனங்கள் வீடு வரை ஒளியிழை இணைப்பு வழங்கின. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகச் சேவையைத் தொடங்கியதும் இச்சந்தை மேலும் விரிவடைந்தது.

ஒளியிழை வீட்டை வந்தடையும் முறை

பெரும்பாலான வீட்டு இணைப்புகள் செயலறு ஒளி வலையமைப்பு என்னும் முறையைச் சார்ந்தவை. சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, தெருவில் உள்ள ஒளிப் பகுப்பியில் 32 அல்லது 64 இழைகளாகப் பிரிகிறது. பகுப்பி கண்ணாடியால் ஆன எளிய உறுப்பு. அதற்கு மின்சாரம் தேவையில்லை. "செயலறு" என்ற பெயர் இதனால் ஏற்பட்டது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே 20 கிலோமீட்டர் வரை இருக்கலாம்.

இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது ஜிபான் என்னும் செந்தரம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதனை ஜி.984 என்ற வரிசையில் 2003 முதல் வெளியிட்டது. இதில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் விநாடிக்கு 2.488 கிகாபிட்டும், வீட்டிலிருந்து நிலையத்துக்கு 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் விநாடிக்கு 1.244 கிகாபிட்டும் செல்லும். அலைநீளங்கள் வேறுபடுவதால் ஒரே இழை இரு திசைகளுக்கும் போதுமானது. இரு திசைகளிலும் சுமார் 10 கிகாபிட் வேகம் தரும் அடுத்த தலைமுறைச் செந்தரம் 2016 இல் வெளிவந்தது.

2.488 கிகாபிட் என்பது ஒரு பகுப்பியைச் சார்ந்த எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. 32 வீடுகளும் ஒரே நொடியில் முழுவேகத்தில் தரவிறக்கினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 77 மெகாபிட் கிடைக்கும். நடைமுறையில் இவ்வாறு நிகழ்வது அரிது. ஒரு வீட்டார் படம் பார்க்கும்போது மற்றொரு வீட்டார் எதையும் தரவிறக்காமல் இருப்பர் என்பதே இப்பகிர்வின் அடிப்படை. கீழ்நோக்கி வரும் ஒளி எல்லா வீடுகளையும் சென்றடைகிறது. அண்டை வீட்டாரின் தரவைப் பிறர் படித்துவிடாதிருக்க, அது ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்படுகிறது.

ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் திறன் பாதியாகிறது. இது சுமார் 3 டெசிபல் இழப்பாகும். 32 ஆகப் பிரிப்பதில் மட்டும் குறைந்தது 15 டெசிபல் இழக்கப்படுகிறது. பரவலாக உள்ள பி+ வகை ஜிபான் முனையம் -8 முதல் -27 டிபிஎம் வரையிலான ஒளித்திறனை ஏற்கும். -27 ஐ நெருங்கும் இணைப்பு, ஓர் இணைப்பானில் படியும் தூசியினாலேயே அறுந்துபோகக் கூடும். முனையத்தின் அமைப்புப் பக்கத்தில் இவ்வளவைக் காணலாம். இணைப்பு பொருத்தப்பட்ட நாளில் இதனைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் பழுது ஏற்படும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கட்டடம் வரை மட்டும் ஒளியிழையைக் கொண்டு வந்து, மாடிப்படி அருகே வைத்த நிலைமாற்றியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஈதர்நெட் வடம் இழுக்கும் முறையும் உண்டு. இதுவும் ஒளியிழை இணைப்பு என்றே விற்கப்படுவதால், வீட்டுக்குள் வருவது இழையா வடமா என்பதை முன்னரே கேட்டறிவது நல்லது.

இழையைக் கையாளுதல்

வீட்டுக்குள் இழுக்கப்படும் இழை பொதுவாக வளைவைத் தாங்கும் ஜி.657 வகையைச் சார்ந்தது. இதில் ஏ1 வகையை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். ஏறத்தாழ ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுற்றி வளைப்பதற்கு இது சமம். அதைவிட இறுக்கமாக மடித்தாலோ, கதவிடுக்கில் நசுங்கினாலோ ஒளி வெளியே கசிந்துவிடும்.

முனையத்தில் செருகப்படும் பச்சை நிற இணைப்பானின் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல நிற இணைப்பானின் முகம் சாய்வற்றது. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தல் கூடாது. இழையில் செல்லும் ஒளி அகச்சிவப்பு ஆதலால் கண்ணுக்குத் தெரியாது. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். வெட்டிய இழையின் துண்டுகள் தோலில் தைக்கும் கண்ணாடிச் சில்லுகளாகும். அவற்றைத் தரையில் விடாமல் ஒட்டுநாடாவில் ஒட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வலையமைப்பின் உறுப்புகள்

- ஒளியிழை முனையம்: ஒளிக்குறிகையை மின்குறிகையாக மாற்றுகிறது. பேச்சுவழக்கில் இதனையும் மோடம் என்றே அழைப்பர்.
- திசைவி (ரூட்டர்): வீட்டுக் கருவிகளுக்கும் இணையத்துக்கும் இடையே தரவுப் பொதிகளைத் திருப்பி அனுப்புகிறது. கருவிகளுக்கு முகவரிகளையும் வழங்குகிறது.
- நிலைமாற்றி (சுவிட்ச்): ஒரு வடத்திலிருந்து பல கருவிகளுக்குக் கம்பி இணைப்பைப் பிரித்துத் தருகிறது.
- அணுகு புள்ளி: கம்பியில் வரும் தரவை வை-ஃபை அலைகளாக மாற்றுகிறது.
- வடங்கள்: மேற்கண்டவற்றை இணைக்கும் ஈதர்நெட் வடங்கள்.

இன்று சேவை நிறுவனங்கள் தரும் ஒரே பெட்டியில் முனையம், திசைவி, நிலைமாற்றி, அணுகு புள்ளி ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும். ஒரே பெட்டியானாலும் அதன் பணிகள் நான்கு என்பதை நினைவிற்கொண்டால், எந்தப் பணியில் குறை உள்ளது என்று பிரித்தறியவும், அதற்கு மட்டும் வேறு கருவி வாங்கவும் இயலும்.

வேகமும் அளவீடும்

இணைப்பின் வேகம் விநாடிக்கு மெகாபிட் என்ற அலகில் விற்கப்படுகிறது. கணினியோ தரவிறக்கத்தை மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட்டுகள் ஒரு பைட்டு ஆதலால், 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். வேகம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று எழும் ஐயங்களில் சில இவ்வலகுக் குழப்பத்தால் விளைபவை.

ஒரு பாதையின் வேகம் அதன் மெதுவான கண்ணியின் வேகமே ஆகும். விநாடிக்கு 300 மெகாபிட் திட்டத்தில் 1 கிகாபைட் கோப்பு சுமார் 27 விநாடிகளில் இறங்க வேண்டும். இடையில் 100 மெகாபிட் வேகமுடைய பழைய துறை ஒன்று இருந்தால், உண்மையில் கிடைக்கும் 94 மெகாபிட்டில் அதே கோப்பு இறங்க 85 விநாடிகள் ஆகும். கடைசி அறையில் வை-ஃபை 30 மெகாபிட்டாகத் தேய்ந்துவிட்டால் நான்கரை நிமிடங்கள் ஆகும். திட்டத்தை 500 மெகாபிட்டாக உயர்த்தினாலும் பின்னிரு நிலைகளிலும் ஒரு விநாடிகூட மிஞ்சாது.

தேவையும் பலர் எண்ணுவதைவிடக் குறைவே. 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க 15 முதல் 25 மெகாபிட் வரையும், தெளிவான காணொளி அழைப்புக்கு 3 முதல் 4 மெகாபிட் வரையும் போதும். நால்வர் உள்ள வீட்டுக்கு, எல்லா அறைகளிலும் முழுமையாகக் கிடைக்கும் 100 மெகாபிட், கூடத்தில் மட்டும் கிடைக்கும் 500 மெகாபிட்டைவிடப் பயன்மிக்கது. மாதக் கட்டணத்தை உயர்த்துமுன் வீட்டுக்குள் ஒரு வடம் இழுக்கச் செலவிடுவது பெரும்பாலும் சிக்கனமான வழியாகும்.

கம்பி வழி இணைப்பு

இடம் பெயராத கருவிகளை, அதாவது மேசைக் கணினி, தொலைக்காட்சி, இரண்டாவது அணுகு புள்ளி ஆகியவற்றை ஈதர்நெட் வடத்தால் இணைப்பது சிறந்தது. கம்பியில் செல்லும் ஒவ்வொரு கருவியும் வை-ஃபையின் நெரிசலையும் குறைக்கிறது.

கேட் 5இ வகை வடம் 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6 வகை வடம் சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் வேகத்தையும் தாங்கும். புதிதாக வீடு கட்டுவோருக்குக் கேட் 6 ஏற்றது. பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வோர் அறைக்கும் மின்கம்பிக் குழாயிலிருந்து விலகிய ஒரு தனிக் குழாயைச் சுவருக்குள் பதித்து வைத்தால், எதிர்காலத்தில் வடத்தை மாற்றுவது எளிதாகும்.

வடத்தினுள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட் ஈதர்நெட் இரண்டு இணைகளை மட்டும் பயன்படுத்துகிறது. கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கும் தேவை. எட்டில் ஒரு கம்பி இணைப்பானில் சரியாகப் பதியாவிட்டாலும், கருவிகள் எந்த எச்சரிக்கையும் இன்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக் கூடும். ஒளியிழை வீடுகளில் வேகம் சரியாக 94 மெகாபிட்டில் நின்றுவிட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

ஆர்.ஜே.-45 இணைப்பானில் பரவலாகப் பின்பற்றப்படும் டி568பி வரிசை, இணைப்பானின் தாழ் பின்புறமாக இருக்க இடமிருந்து வலமாகப் பின்வருமாறு அமையும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில வடங்கள் செப்புப் பூச்சிட்ட அலுமினியத்தால் ஆனவை. இவற்றின் மின்தடை அதிகம், எளிதில் முறியும். வடத்தின் மேல் முழுச் செம்பு எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இரு கட்டடங்களுக்கு இடையே வெட்டவெளியில் செப்பு வடம் இழுத்தால், இடி மின்னலின்போது இரு முனைகளிலும் உள்ள கருவிகள் பழுதாகக் கூடும். அவ்விடங்களில் ஒளியிழையே பாதுகாப்பானது.

வை-ஃபை

வை-ஃபை அல்லது அருகலை என்பது வானொலி அலைகளின் வழியே கருவிகளை இணைக்கும் முறையாகும். இன்று புழக்கத்தில் உள்ள தலைமுறைகள் பின்வருமாறு:

- வை-ஃபை 4 (802.11என், 2009): 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள்
- வை-ஃபை 5 (802.11ஏசி, 2013): 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை
- வை-ஃபை 6 (802.11ஏஎக்ஸ், 2021): 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். இதன் 6இ வடிவம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும் பயன்படுத்தும்
- வை-ஃபை 7 (802.11பிஇ, 2025): மூன்று பட்டைகளும். இதற்கான சான்றிதழ் வழங்கல் 2024 சனவரியிலேயே தொடங்கியது

6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் எப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பது அந்தந்த நாட்டின் விதிகளைப் பொறுத்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும். ஆனால் இப்பட்டையில் ஒன்றின் மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது திசைவிகள் இம்மூன்று தடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நுண்ணலை அடுப்பும் இதே பட்டையில் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் மிகுதி, வேகமும் மிகுதி. ஆனால் அதன் எல்லை குறுகியது. எனவே தொலைவில் உள்ள எளிய கருவிகளுக்கு முதலாவதும், அருகில் உள்ள கணினி, கைபேசிகளுக்கு இரண்டாவதும் பொருந்தும்.

வை-ஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவியே பேச இயலும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்கும். தொலைவில் உள்ள ஒரு கருவி மெதுவாகப் பேசினால், அதற்குச் செலவாகும் நேரம் மற்ற எல்லாக் கருவிகளின் நேரத்திலிருந்தும் கழிகிறது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வேகத்தில் பாதிகூட நடைமுறையில் கிடைக்காததற்கு இது ஒரு காரணமாகும்.

திசைவி இருக்கும் இடமே வை-ஃபையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பொருத்துநர் இழை நுழையும் வாசற்புறத்திலேயே பெட்டியை மாட்டிவிடுவது வழக்கம். அதனால் அலைகளில் பாதி தெருவுக்குப் போகின்றன. இழையைச் சில மீட்டர் நீட்டுவதால் ஏற்படும் இழப்பு புறக்கணிக்கத் தக்கது. ஆகவே பொருத்துநர் வருமுன்னரே வீட்டின் நடுவில், தலைக்கு மேற்பட்ட உயரத்தில், திறந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, அருகில் மின்செருகியும் இருக்குமாறு செய்து வைப்பது நன்று. இரும்புக் கம்பிகள் நிறைந்த கற்காரைச் சுவர், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலைகளைப் பெரிதும் தடுப்பவை.

ஒரு திசைவி போதாத வீடுகளில் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன:

- வடத்தால் இணைத்த அணுகு புள்ளி: மிகச் சிறந்தது. மாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அமைக்கலாம்.
- கண்ணி வலையமைப்பு: பல நிலையங்கள் கம்பியின்றித் தமக்குள் பேசிக்கொள்ளும். வடம் இழுக்க இயலாத வாடகை வீடுகளுக்கு ஏற்றது.
- மறுபரப்பி: மலிவானது. ஒரே தடத்தில் வாங்கி அதே தடத்தில் மீண்டும் அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும்.

மறுபரப்பியை வை-ஃபை நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். வலுவற்ற அலையைப் பெறும் மறுபரப்பி வலுவற்ற இணைப்பையே மறுபடியும் பரப்பும்.

முகவரிகள்

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி தேவை. நான்காம் பதிப்பு முகவரிகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 429 கோடி. இவற்றின் உலகப் பொதுத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. எனவே வீட்டுக் கருவிகளுக்கு 192.168 அல்லது 10 எனத் தொடங்கும் தனியார் முகவரிகள் வழங்கப்படுகின்றன. திசைவி இவற்றை ஒரே வெளிமுகவரியாக மாற்றி இணையத்துக்கு அனுப்புகிறது. இதற்கு முகவரிப் பெயர்ப்பு என்று பெயர்.

பல சேவை நிறுவனங்கள் தம் நிலையத்திலும் ஒருமுறை இவ்வாறு பெயர்க்கின்றன. திசைவியின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், அவ்வீட்டுக்குத் தனி வெளிமுகவரி இல்லை என அறியலாம். இணையத்தில் உலாவ இது தடையாகாது. ஆனால் வெளியூரிலிருந்து வீட்டுப் படக்கருவியையோ கோப்பகத்தையோ நேரடியாக அணுக இயலாது. அதற்கு நிலையான முகவரியைத் தனிக் கட்டணத்தில் பெறவோ, ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்தவோ வேண்டும். ஆறாம் பதிப்பில் முகவரிகள் ஏராளம் ஆதலால் ஒவ்வொரு கருவிக்கும் வெளிமுகவரி கிடைக்கும். அந்நிலையில் திசைவியின் தீச்சுவர் இயங்குவது இன்றியமையாதது.

சேவை நிறுவனத்தின் பெட்டியோடு சொந்தத் திசைவியையும் சேர்ப்போர், இரண்டும் முகவரிகளைப் பெயர்க்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முதற்பெட்டியைப் பாலம் முறைக்கு மாற்றலாம், அல்லது இரண்டாவதை அணுகு புள்ளி முறைக்கு மாற்றலாம். இரண்டும் ஒரே வேளையில் முகவரி வழங்கினால் அச்சுப்பொறியைக் கணினி காணாது போதல் போன்ற குழப்பங்கள் நேரும்.

பாதுகாப்பு

வீட்டு வலையமைப்பின் குறைபாடு அவ்வீட்டோடு நிற்பதில்லை. 2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாத படக்கருவிகளையும் திசைவிகளையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளின் பட்டியல் மட்டுமே. அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகளைக் கொண்டு அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்னும் நிறுவனத்தின் பெயர் வழங்கிகள் தாக்கப்பட்டன. அதனால் டுவிட்டர், நெட்ஃபிளிக்சு உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் இதன் திரிபு ஒன்று செருமனியில் சுமார் 9 இலட்சம் வீட்டு இணைப்புகளைப் பாதித்தது.

இந்தியாவில் 2008 ஜூலையில் நிகழ்ந்த அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல் ஒன்று, நவி மும்பையில் ஒருவருடைய வீட்டு வை-ஃபை இணைப்பின் வழியே சென்றிருந்தது. அங்கு வசித்தவர் விசாரணைக்கு உள்ளானார். வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது குறித்த அறிவுறுத்தல்களைத் தொலைத்தொடர்புத் துறை 2009 இல் வெளியிட்டது.

வை-ஃபையின் முதல் மறையாக்க முறையான டபிள்யூ.இ.பி. 2001 இலேயே உடைக்கப்பட்டது. 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆகியவையே இன்று பயன்படுத்தத் தக்கவை. பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைக் கொண்டோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். முறையில் பெருங்குறை ஒன்று 2011 இல் வெளிப்பட்டது. எட்டு இலக்கங்களும் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதாலும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதாலும், பத்துக் கோடி அல்ல, 11,000 முயற்சிகளே போதும் என்பது தெரியவந்தது.

புதிய இணைப்பைப் பெற்ற நாளிலேயே செய்யத் தக்கவை:

- திசைவியின் நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றுதல். இது வை-ஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது.
- வை-ஃபை கடவுச்சொல்லாகத் தொடர்பற்ற நான்கைந்து சொற்களின் கோவையை வைத்தல். கைபேசி எண்ணும் கதவிலக்கமும் எளிதில் ஊகிக்கத் தக்கவை.
- மறையாக்கத்தை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இல் அமைத்தல். டபிள்யூ.பி.எஸ். முறையை அணைத்தல்.
- வெளியிலிருந்து திசைவியை நிருவகிக்கும் வசதியை அணைத்தல்.
- விருந்தினர்க்கும், படக்கருவி, மின்குமிழ் போன்ற கருவிகளுக்கும் தனி வை-ஃபை பெயர் அமைத்தல்.
- திசைவியின் நிலைபொருளை அவ்வப்போது இற்றைப்படுத்தல். தயாரிப்பாளர் இற்றைப்படுத்தலை நிறுத்திவிட்ட திசைவியை மாற்றிவிடுதல்.

மின்தடை

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது இயங்கியது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. முனையம் அணைந்தால் இணையத்தோடு அதனைச் சார்ந்த தரைவழித் தொலைபேசியும் நின்றுவிடும். முதியோர் தனியாக வாழும் வீடுகளில் அவசர அழைப்பு இதனைச் சார்ந்திருப்பதால், இது கருதத் தக்க வேறுபாடாகும்.

முனையமும் திசைவியும் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. இவற்றுக்கென விற்கப்படும் சிறு மின்கல யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் வோல்ட் அளவையும், ஆம்பியர் அளவையும், செருகியின் பருமனையும் ஒப்பிட வேண்டும். முனையமும் திசைவியும் தனித்தனிப் பெட்டிகளாயின் இரண்டுக்கும் மின்கலம் தேவை. செயலறு வலையமைப்பில் தெருப் பகுப்பிக்கு மின்சாரம் வேண்டாததால், தெரு முழுதும் இருளில் இருக்கும்போதும் இணைப்பு பொதுவாகத் தொடரும். கட்டடம் வரை மட்டும் ஒளியிழை உள்ள முறையில், மாடிப்படி நிலைமாற்றிக்கும் மாற்று மின்சாரம் இருந்தாலன்றி இது நிகழாது.

பழுது கண்டறிதல்

பழுது இழையிலா, முனையத்திலா, வடத்திலா, வை-ஃபையிலா என்று பிரித்தறிய, வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு கண்ணியாகச் சோதிப்பது முறையாகும்.

1. முனையத்தில் "லாஸ்" எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை மடிந்துள்ளதா, இணைப்பான் நழுவியுள்ளதா என்று பார்த்தபின் சேவை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
2. "பான்" விளக்கு தொடர்ந்து மின்னினால் ஒளி வந்தும் நிலையத்தில் பதிவு நிறைவுறவில்லை என்று கொள்ளலாம்.
3. விளக்குகள் சரியாக இருந்தால், ஒரு கணினியை வடத்தால் நேரடியாகப் பெட்டியோடு இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். இங்கேயே வேகம் குறைவாயின், அடுத்த படியில் வடக்குறை இல்லை எனத் தெளிந்தபின், குறை வெளிப்புறத்தது எனக் கொள்ளலாம்.
4. கணினி காட்டும் துறையின் வேகம் 1 கிகாபிட்டா, 100 மெகாபிட்டா என்று பார்க்க வேண்டும். 100 எனில் வேறு வடத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும்.
5. திசைவியிலிருந்து இரண்டு மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் அளக்க வேண்டும்.
6. இறுதியாக, குறை காணப்படும் அறையில் அளக்க வேண்டும். ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் உள்ள வேறுபாடே சுவர்களால் ஏற்படும் இழப்பு.

ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வடத்தையும் இடத்தையும் ஒருசேர மாற்றினால் எது குறைக்குக் காரணம் என்று அறிய இயலாது. முதல் நாளன்று இவ்வாறு அளந்த எண்களை ஒரு தாளில் எழுதித் திசைவியின் அருகே ஒட்டி வைத்தால், சேவை நிறுவனத்திடம் முறையிடும்போது குறை எப்பக்கம் உள்ளது என்பதை எண்களோடு எடுத்துக்காட்டலாம்.

இவற்றையும் பார்க்க

- ஒளியிழை
- ஈதர்நெட்
- வை-ஃபை
- திசைவி
- இணைய நெறிமுறை